வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மலைக்குப் போனேன்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் எழுத்து ஒரு கோட்டில் தொடங்கி அடுத்த கோட்டில் இறங்கிவிடும். இதற்கென்றே கோடு போட்ட நோட்டு வாங்கினேன், அதனாலும் பெரிய பயன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் தேதி, ஷிப்டு, எத்தனை பீஸ் என்ற மூன்றும்தான். சின்ன ரவா பெரிய றவா என்று இன்னும் எனக்குத் தடுமாற்றம். என் மனைவி பத்தாவது வரை படித்தவள். அவளுடைய தாய்மொழி தெலுங்கு. ஆனாலும் என் தமிழை அவள்தான் திருத்த வேண்டியிருக்கிறது. அவள் கண்ணுக்கும் தப்பியதை நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது நாற்பத்தேழு. பிறந்தது நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில். பத்தொன்பது வயதில் ஓசூருக்கு வந்தேன். அன்றிலிருந்து மூக்கண்டப்பள்ளியில்தான் குடியிருப்பு. ஒரே வரிசையில் ஆறு வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வாசல், ஒரு குழாய். யார் எத்தனை மணிக்கு எழுந்தார், யார் வீட்டில் என்ன குழம்பு என்பது ஆறு வீட்டுக்கும் தெரியும். எங்களுக்கு ஒரே மகள். சேலத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். மனைவி ரோஜாப் பண்ணையில் பூ அறுக்கிறாள். நான் வண்டிகளுக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தகட்டை அடித்து வடிக்கும் பிரஸ்ஸிலிருந்து வருவதற்கு ஓரத்துப் பிசிறு எடுக்கும் வேலையில் இருந்தேன்.

கம்பெனியில் இருந்தேன் என்று சொல்வதும் சரியில்லை. கம்பெனி என்னை எடுக்கவில்லை, கான்ட்ராக்டர் எடுத்தார். எங்களைப் போன்றவர்களுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை பிரேக் விடுவார்கள். தொடர்ந்து வைத்திருந்தால் நிரந்தரம் கேட்டுவிடுவோம் என்பதற்காக அந்த ஏற்பாடு என்று பேச்சு. கடைசி நாள் ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது கேட்டில் பாஸை வாங்கிக்கொள்வார்கள். இரண்டு வாரமோ மூன்று வாரமோ கழித்துக் கான்ட்ராக்டர் ஆபீசிலிருந்து போன் வரும். வந்தால் புது பாஸ், புது நம்பர், அதே பிரஸ், அதே தகடு. போனை எடுக்காத ஆளின் இடம் சாயங்காலத்துக்குள் அடுத்த ஆளுக்குப் போய்விடும். உன்னை நிறுத்திவிட்டோம் என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. போன் வராது, அவ்வளவுதான்.

முதல் இரண்டு மூன்று பிரேக்கில் நான் வீட்டிலேயே இருந்தேன். அது பெரிய தண்டனை. குழாயடிக்குப் போனால் ஒருவர், "என்னா, இன்னிக்கி லீவா?" என்பார். மறுநாளும் அதையே கேட்பார். மூன்றாம் நாள் கேட்க மாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வை கேள்வியைவிட மோசம். நான் கூச்ச சுபாவக்காரன். கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. பிரேக் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை.

அதனால் அடுத்த பிரேக்கில் ஒரு காரியம் செய்தேன். வழக்கம்போல அதிகாலையில் எழுந்து, கம்பெனிச் சட்டையைப் போட்டு, முன்பக்கம் இரும்பு வைத்த ஷூவை மாட்டி, கேரியரைப் பையில் வைத்துக்கொண்டு, ஐந்தரைக்கு வாசலைத் தாண்டினேன். மனைவியிடமும் சொல்லவில்லை. கம்பெனி பஸ் நிற்கும் முனைக்கு எதிர்த் திசையில் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். அங்கே போன பிறகுதான், மூன்று மணி வரை எங்கே இருப்பது என்ற யோசனையே வந்தது. ராயக்கோட்டை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன்.

தக்காளிப் பெட்டி ஏற்றிய வண்டிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. ராயக்கோட்டையில் இறங்கி, மண்டிகளையெல்லாம் சுற்றிப் பார்த்தேன். சட்டையில் கம்பெனிப் பெயர் இருந்ததால் அங்கேயும் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். ஆள் இல்லாத இடம் என்று பார்த்தால் மலைதான். படி ஏறினேன். இருபது வருஷமாக அந்த மலையைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். இரும்பு வைத்த ஷூவோடு பாறையில் ஏறுவது லேசில்லை. கோட்டைச் சுவர் இடிந்து கிடந்த ஓரிடத்தில் உட்கார்ந்தபோது சட்டை முழுக்க வியர்வை. பிரஸ்ஸின் அடி இல்லாத காலை நேரத்தை நான் மறந்தே போயிருந்தேன். காது வெகுநேரம் அந்த டம் டம் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாக விட்டுக்கொடுத்தது. கீழே ஒரு ரயில், தீப்பெட்டிகளைக் கோத்து இழுத்ததுபோலப் போனது. வயல்கள் பச்சையும் சிவப்புமாகத் தெரிந்தன. பத்து மணிக்கே கேரியரைத் திறந்து சாப்பிட்டுவிட்டேன். அந்த எலுமிச்சை சாதத்தின் ருசி இன்னும் நினைவிருக்கிறது.

ஒளிந்துகொள்ளப் போனவன் மறுநாள் ஆசைப்பட்டே போனேன்.

அப்படித்தான் எனக்கு ஊர் சுற்றும் பழக்கம் வந்தது. பிரேக் விட்டால் கிருஷ்ணகிரி அணைக்குப் போவேன். தளி ஏரிக்கரையில் நாரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை எல்லை தாண்டி ஆனேக்கல்லில் இறங்கி, அங்கிருந்து ஏதோ ஒரு கிராமத்துக்குப் போய், ராகி வயல்களுக்கு நடுவே மத்தியானம் வரை நடந்தேன். என் அரைகுறைக் கன்னடத்தைக் கேட்ட கண்டக்டர் கடைசியில் தமிழிலேயே, "உங்க கன்னடத்துக்கு நான் டிக்கெட்டே குடுத்திருக்கக் கூடாது" என்றார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தெரியாத ஊரில் கூச்சம் குறைவாக இருந்தது.

மனைவி கண்டுபிடிக்க இரண்டு பிரேக் ஆனது. ஒருநாள் துணி துவைக்கும்போது என் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்தாள். முழங்கால் வரை நாயுருவி விதை ஒட்டியிருந்தது.

"ஏமி இதி?" என்றாள். கோபம் வந்தாலும் கிண்டல் வந்தாலும் அவளுக்குத் தெலுங்கு வந்துவிடும். "இது என்னாங்க? பிரஸ் ஷாப்புல நாயுருவி முளைச்சிருக்குதா?"

நான் குனிந்து விதைகளைப் பிய்க்க ஆரம்பித்தேன்.

"பொம்பளை சமாச்சாரம்னா மல்லிப்பூ ஒட்டியிருக்கும். நாயுருவி ஒட்டுதுன்னா நீங்க எங்க போறீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணியை வாளியில் போட்டுவிட்டு ஈரக் கையோடு என்னையே பார்த்தாள்.

"மலை மேல தனியாவா சாப்புட்டீங்க? என்னைய ஒரு நாள் கூப்புடணும்னு தோணல?"

அவளுக்குப் பண்ணையில் செவ்வாய்க்கிழமை வார லீவு. பிரேக் நாட்களில் வரும் செவ்வாய்க்கிழமைகளில் இருவரும் சேர்ந்து போக ஆரம்பித்தோம். ஆனால் வரிசை வீட்டுக்காரர்களுக்கு நான் இன்னும் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். அதனால் ஐந்தரைக்கு நான் கேரியரோடு கிளம்புவேன். அவள் ஏழு மணிக்கு, அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். பஸ் ஸ்டாண்டில் கெலமங்கலம் பஸ் நிற்கும் இடத்தில் சந்திப்போம். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆன பிறகு, சொந்த மனைவியைத் திருட்டுத்தனமாகச் சந்தித்தவன் ஓசூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"சொல்லித் தொலைங்களேன், பிரேக்குன்னு. திருடினீங்களா, பொய் கையெழுத்துப் போட்டீங்களா?" என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

"அடுத்த தடவை சொல்றேன்" என்பேன்.

போன கார்த்திகையில் விட்ட பிரேக் மற்றவை போல இல்லை. அதற்கு முன்பே எங்கள் பிரிவில் ஒரு புது இயந்திரம் இறக்கியிருந்தார்கள். தகட்டை அதுவே எடுத்து, அதுவே பிசிறு நீக்கி, அதுவே அடுக்கியது. பாஸை வாங்கிக்கொண்ட நாளில் கேட்டில் நின்றவர், "இந்தத் தடவ பாதிப் பேரத்தான் திரும்பக் கூப்புடுவாங்க. போனை ஒழுங்கா எடுங்க" என்றார். எங்கள் பிரிவில் என் வயதுக்காரர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் எல்லாம் இளவட்டம். மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. போன் வருமா வராதா என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

வீட்டில் இருந்தால் மூச்சு முட்டியது. ஆகவே முன்போலவே ஐந்தரைக்குக் கிளம்பினேன். பக்கத்து வீட்டுக்காரி அந்த நேரத்தில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். நான் மிதிக்காமல் போக ஒரு ஓரம் விட்டுப் போடுவாள். "பாத்துப் போங்கண்ணே, பனி" என்பாள். அவர்கள் மதுரைப் பக்கத்துக்காரர்கள். அவள் கணவர் வேறொரு கம்பெனியில் ஸ்டோர் பிரிவில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் மலைக்குப் போனாலும், போனில் சிக்னல் கோடு எத்தனை இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் உட்காருவேன். இரண்டு கோட்டுக்குக் கீழே போனால் இடம் மாறிவிடுவேன். இப்படிப் பதினைந்து நாள் ஓடியது.

மூன்றாம் வாரத்தில் வந்த செவ்வாய்க்கிழமை அஞ்செட்டிக்குப் போகலாம் என்றாள் மனைவி.

"அங்க காட்டுல டவர் கெடைக்காது" என்றேன்.

"பதினஞ்சு நாளா டவர் கெடைச்சுதே, போன் வந்துச்சா?"

"இன்னிக்கி வந்தா?"

"நாளைக்கி வந்தா? அதுக்கு மறுநாள் வந்தா? உங்க மூஞ்சியப் பாக்க முடியலைங்க. ஒரு நாள். சாயங்காலம் வந்துடலாம்."

எனக்கும் அந்தக் காட்டைப் பார்க்க ஆசை இருந்தது. அதை மறைத்து அவள்மேல் பழியைப் போட மாட்டேன். நானும்தான் சரி என்றேன்.

தேன்கனிக்கோட்டை தாண்டியதும் போனில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மலைப்பாதையில் பஸ் இறங்கத் தொடங்கியதும் எல்லாம் போய்விட்டன. போனைப் பைக்குள் போட்டேன். அப்போது என்னை அறியாமல் தோள் இறங்கியது எனக்கே தெரிந்தது. அஞ்செட்டிக்குப் பக்கத்தில் ஓடை மழைத் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் செருப்பையும் ஷூவையும் கழற்றிவிட்டுப் பாறையில் உட்கார்ந்து காலை விட்டோம். தண்ணீர் அப்படி ஒரு குளிர்ச்சி. சின்ன மீன்கள் வந்து அவள் விரல்களைக் கொத்தின. ரோஜா முள் கீறிய தழும்புகளெல்லாம் அவள் கைகளில் இருக்கின்றன, கால்கள் மட்டும் சின்னப் பெண்ணின் கால்கள் போல இருந்தன. "அப்படி என்னா பாக்கறீங்க?" என்றாள். "மீனை" என்றேன்.

திரும்பும்போது காட்டுப் பாதையில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். முன்னால் யானை. மூன்று பெரியது, ஒரு குட்டி. சாலையைத் தாண்டும் எண்ணமே அவற்றுக்கு இல்லை. பஸ்ஸுக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் குசுகுசுப்பு.

"ஆரன் அடிங்க டிரைவர்" என்றார் ஒருவர்.

"நீ எறங்கிப் போயி அடி. நான் இங்கிருந்து பாக்கறேன்" என்றார் டிரைவர்.

குட்டி சாலையோரத்து மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தது. மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். அரை மணி நேரம் நின்றோம். எனக்குக் கோபமோ அவசரமோ வரவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நான் வேலையைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பதை, தேன்கனிக்கோட்டைக்கு வந்து போனில் டிங் டிங் என்று சத்தம் வந்தபோதுதான் உணர்ந்தேன்.

கான்ட்ராக்டர் ஆபீசிலிருந்து நான்கு அழைப்பு. முதலாவது பதினொன்று பத்துக்கு. கடைசியாக ஒரு மணிக்கு. இப்போது மணி ஐந்தரை. நான் திரும்ப அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. ஓசூர் வரும்வரை அந்த நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். பாஸ் வாங்க வந்தவர்கள் வரிசையாக இருந்தார்கள். சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர். கத்த மாட்டார், ஆனால் வார்த்தையால் குத்துவார். என்னைப் பார்த்ததும் பேனாவை நீட்டினார்.

"நீ வேற எடத்துல சேந்துட்டியாமே. அப்பறம் இங்க என்னா வேல?"

"இல்ல சார். எங்கயும் சேரல."

"நாலு தடவ போன் பண்ணோம். எடுக்கல. சரி, தெரிஞ்ச ஆளாச்சேன்னு உன் வூட்டுக்கே ஆள் அனுப்பினேன். பக்கத்து வூட்டுக்காரரு சொல்லியிருக்காரு, தெனமும் காலைல அஞ்சரைக்கு சட்டை மாட்டிகினு, சாப்பாடு எடுத்துகினு வேலைக்குப் போறாருன்னு. மூணு வாரமா ஒரு நாள்கூட லீவு போடலியாம். அவரு பொய் சொல்றாரா?"

எனக்குக் காது சூடானது. பின்னால் இருபது பேர் நின்றார்கள்.

"அவரு பொய் சொல்லல சார்."

"அப்ப யாரு பொய் சொல்றது?"

"நாந்தான் சார்."

"என்னா?"

"வேலைக்குப் போறாப்பல கெளம்பிப் போயிடுவேன் சார். பிரேக்குன்னு தெரிய வேணாம்னு."

"கெளம்பி எங்க போன?"

"மலைக்கு."

பின்னால் யாரோ, "சாமிக்கு மாலை போட்டிருக்காரோ என்னமோ" என்றார்கள். சிரிப்பு.

"எந்த மலைக்கு?" என்றார் சூப்பர்வைசர்.

"ராயக்கோட்டை மலைக்கு சார். ஒரு நாள் அணைக்கு. நேத்து அஞ்செட்டி. அங்க டவர் இல்ல, அதான் போன்..."

"டூர் போயிருக்காருப்பா நம்மாளு!" என்றது இன்னொரு குரல். இப்போது சிரிப்பு பெரிதாக வந்தது. சூப்பர்வைசரும் சிரித்துவிட்டார்.

"ஏன்ப்பா, வேல இல்லன்னா வூட்டுல இருக்க வேண்டியதுதானே?"

"வூட்டுல இருந்தா எல்லாரும் கேக்கறாங்க சார்" என்றேன்.

நான் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வரிசையில் சிரிப்பு நின்றது. முன்னால் நின்ற இரண்டு பேர் குனிந்து தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"நேத்து மூணு மணிக்கே லிஸ்ட் உள்ள போயிருச்சு. உன் எடத்துக்கு ஆள் போட்டாச்சு. இனி என் கையில இல்லப்பா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் குத்தல் இல்லை.

பதினொரு வருஷம். அதே கேட், ஒவ்வொரு தடவையும் புது நம்பர். வெளியே வந்து டீக்கடை ஓரம் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரவில்லை. ஒளித்து வைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்ற நினைப்பு மட்டும் வந்தது. அது துக்கமா நிம்மதியா என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்டு.

"அண்ணே, நேத்து உங்களத் தேடி ஒரு ஆள் வந்தாப்ல. அண்ணன் ஒரு நாள் தப்பாம டூட்டிக்குப் போறவரு, மூணு மணிக்கு மேல வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். சரிதானே?" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை.

அன்று காலையில் இருபது பேர் முன்னால் சொன்னதை இவரிடம் சொல்ல ஏனோ அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"தம்பி, நான் வேலைக்குப் போகல."

"இன்னைக்கா?"

"மூணு வாரமா."

சவரக்கத்தி பாதிக் கன்னத்தில் நின்றது. "அப்ப காலைல கேரியரு?"

"மலையில உக்காந்து சாப்புடுவேன்."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். ஒரு கன்னம் நுரை, ஒரு கன்னம் மழுமழுவென்று. "போன வருசம் என் மச்சினனுக்கு உங்க கம்பெனில வேலை கேட்டேனே. பாத்துச் சொல்றேன்னீகளே. அப்பவும்?"

"அப்பவும் பிரேக்குதான்."

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. "அய்யய்ய, நான் தெனமும் அண்ணன் போறதுக்குக் கோலத்துல வழி விட்டேனே!" என்று வெளியே வந்தாள். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பு நின்றது.

"என் வாயால போச்சே அண்ணே, உங்க வேலை" என்றார் அவர்.

"உன் வாயில தப்பில்ல தம்பி. நீ கண்ணால பாத்ததச் சொன்ன. நான் காட்டினதுதான் பொய்."

சாயங்காலம் பண்ணையிலிருந்து வந்த மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். கூடையை இறக்கி வைத்தாள். அஞ்செட்டிக்குக் கூப்பிட்டது நான்தானே என்றாள். யானை கூப்பிட்டதாக வைத்துக்கொள் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி. இனிமே நான் கெலமங்கலம் பஸ்கிட்ட வந்து காத்துக்கெடக்க வேணாம்" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சுலபமானவை என்று சொல்ல மாட்டேன். தொழிற்பேட்டையில் ஒவ்வொரு கேட்டாகப் போய்க் கேட்டேன். வயதைக் கேட்டதும் பல இடங்களில் போன் நம்பரைக்கூட வாங்கவில்லை. ஆனால் கேட்க முடிந்தது. முன்பெல்லாம் எனக்கு அந்த வாயே கிடையாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கேட்டுகளுக்கு, மற்ற நாள் மலைக்கு என்று வைத்துக்கொண்டேன். காலை ஒன்பது மணிக்கு, சாதாரணச் சட்டையும் செருப்புமாக, எல்லோரும் பார்க்கவே கிளம்பினேன். முதல் நாள் யாரையும் பார்க்காமல் வேகமாக நடந்துவிட்டேன். இரண்டாம் நாள் கடைசி வீட்டு அம்மா ஒரு பையை நீட்டி, "ராயக்கோட்டைக்குத்தானே? தக்காளி ரெண்டு கிலோ, காயா பாத்து" என்றாள். மூன்றாம் நாள் நான்கு பை ஆனது. மலையிலிருந்து இறங்கி மண்டியில் தக்காளி பொறுக்கிக்கொண்டு, ஆறு வீட்டுக்கும் சுமந்து வந்தேன். முதல் வீட்டுக்காரர், "எங்களுக்கும் ஒரு நாள் அந்த மலையக் காட்டேன்" என்றார். நான் பயந்த அந்தப் பார்வையை யாரும் பார்க்கவில்லை. ஒருவேளை முன்பும் அவர்கள் அப்படிப் பார்க்கவில்லையோ என்னவோ. இப்போது அது எனக்கு நிச்சயமில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பொங்கலுக்கு முந்தின வாரம் ஒருநாள் மத்தியானம் ஓடிவந்து, "அண்ணே, ஆதாரை எடுத்துக்கிட்டு வாங்க, இப்பவே" என்றார். அவர் கம்பெனி ஸ்டோரில் ஒரு ஆள் ஊருக்குப் போனவர் திரும்பவில்லையாம். ஆள் எடுக்கும் அதிகாரியிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் என் ஆதாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாற்பத்தேழா? இது பாருங்க, உக்காந்து பாக்கற வேலை இல்ல. ஷெட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எட்டு மணி நேரம் டிரே தூக்கிட்டு நடக்கணும். முடியுமா?"

"நடப்பேன் சார்" என்றேன்.

"நடக்கறதா? சார், இவரு வேலை இல்லாதப்பவே மலை ஏறி எறங்குற ஆளு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"எந்த மலை?"

"ராயக்கோட்டை சார்" என்றேன். "போன வெள்ளிக்கிழமை ரெண்டு தடவ ஏறினேன்."

"ஒரே நாள்ல ரெண்டு தடவையா? எதுக்கு?"

"கேரியர் மூடிய மேலயே வச்சுட்டு எறங்கிட்டேன் சார்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். பொங்கல் முடிந்ததும் வரச் சொன்னார்கள்.

இப்போது இரண்டு வாரமாக அங்கே போய்வருகிறேன். டிரே கனம்தான், ஆனால் காதுக்கு ஓய்வு. இதுவும் கான்ட்ராக்ட் வேலைதான். இங்கேயும் பிரேக் உண்டு, இங்கேயும் ஒருநாள் ஒரு இயந்திரம் வந்து இறங்கலாம். பயம் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஆனால் அந்தப் பயத்துக்கு மேல் கம்பெனிச் சட்டையைப் போட்டு நடமாடும் வேலை இனி இல்லை. பிரேக் எந்த மாதம் வரும் என்பது வரிசையில் ஆறு வீட்டுக்கும் தெரியும். அப்போது எல்லோரையும் அஞ்செட்டிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று இப்போதே தகராறு நடக்கிறது. யானையை வரவழைப்பது என் பொறுப்பு என்று வேறு சொல்லிவிட்டார்கள்.

இன்று எனக்கு விடுமுறை. மனைவிக்கு இல்லை. பிப்ரவரி பிறந்தால் காதலர் தினத்துக்காக ரோஜாவுக்கு சீசன், செவ்வாய்க்கிழமை லீவுகூடக் கிடையாது. அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து உட்கார்ந்து எழுதியதில் விரல் மரத்துவிட்டது. வாசலில் துண்டு உதறிக்கொண்டிருந்த முதல் வீட்டுக்காரர், "நாளைக்கி வேலைக்கா, மலைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். வேலைக்கு என்று சொன்னேன்.

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை.